முழங்கால் போன பிறகு: ஒரு கூடைப்பந்து வாழ்க்கையின் கணக்கு வழக்கு

சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர்களில் பெரும்பாலானோருக்கு விடைபெறும் ஆட்டம் என்று ஒன்று கிடைப்பதே இல்லை. அமெரிக்க நட்சத்திர ஆட்டக்காரர் கோபி பிரையன்ட் 2016 ஏப்ரலில் தன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்து, அரங்கமே எழுந்து நிற்க, ஆடுகளத்தை விட்டுப் போனார். அதைப் பார்த்த நாங்கள் எல்லோரும், எங்களுக்கும் சிறிய அளவிலாவது அப்படி ஒரு நாள் வரும் என்று மனதுக்குள் வைத்திருந்தோம். எனக்கு வந்தது வேறு. பயிற்சியில் கால் தப்பாக ஊன்றியது, ஒரு எம்.ஆர்.ஐ. அறிக்கை, அப்புறம் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வராத மாதங்கள். அதுதான் என் ஓய்வு. அதற்குப் பிறகு சம்பள பாக்கி, வழக்கு, வரி நோட்டீஸ் என்று தனியாக அலைந்ததில் ஆடிச் சம்பாதித்ததில் கணிசமான பகுதி கரைந்தது. பணத்தைவிட, யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் கழிந்த இரவுகள்தான் அதிகம் வலித்தன. ஆடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பிள்ளையை வெளிநாட்டுக் கிளப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நான் எந்த வகை ஆட்டக்காரன் என்று சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் தெரிகிற வகை இல்லை. வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.பி.ஏ.வில் 30 அணிகள், அணிக்கு 15 நிரந்தர இடங்கள் என்று பார்த்தால் மொத்தமே 450 பேர்தான். உலகம் முழுவதும் இதைத் தொழிலாகச் செய்கிற மற்றவர்கள் எல்லாம் சிறிய, நடுத்தர லீக்குகளில் ஒரு சீசன் இங்கே, ஒரு சீசன் அங்கே என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். நான் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துகிறவன். வெளிநாட்டிலிருந்து வந்து ஆடும் எங்களைக் கிளப்புகள் 'இம்போர்ட்' என்பார்கள். ஒரு அணியில் வெளிநாட்டவர் இத்தனை பேர்தான் ஆடலாம் என்று பல லீக்குகளில் வரம்பு உண்டு. அதனால் எங்களிடம் எதிர்பார்ப்பு அதிகம், பொறுமை குறைவு. உள்ளூர் ஆட்டக்காரர் மோசமாக ஆடினால் பெஞ்சில் உட்காருவார். இம்போர்ட் மோசமாக ஆடினால் அவர் இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருவர் விமானத்தில் வந்து இறங்குவார். காயம் பட்ட இம்போர்ட்டின் நிலைமை இன்னும் மோசம். அவர் ஆடவும் முடியாது, புது ஆளுக்கான இடத்தையும் அடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

காயம் பட்ட விதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எழும்பி இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் என் கால் விழுந்தது. முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருந்தது, அதோடு மூட்டின் குருத்தெலும்பிலும் சேதம். முழங்காலின் முக்கியத் தசைநாரான ஏ.சி.எல். அறுந்தால் அறுவை சிகிச்சை செய்து, ஏறக்குறைய 9 மாதமோ ஒரு வருடமோ பாடுபட்டால் திரும்பி வர முடியும், வந்தவர்களும் நிறைய. குருத்தெலும்பு அப்படி இல்லை. அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் தேயும்போது சீக்கிரம் வலித்துக் காட்டிக்கொடுக்காது, தேய்ந்த பிறகு தானாக வளர்ந்து நிரப்பவும் செய்யாது. என்.பி.ஏ.வின் போர்ட்லாந்து அணியில் ஆடிய பிராண்டன் ராய், 2007-இல் சிறந்த புதுமுகம், மூன்று முறை ஆல் ஸ்டார் எனும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். இரண்டு முழங்கால்களிலும் குருத்தெலும்பு போய்விட்டதால் 2011 டிசம்பரில் 27 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். மறு சீசனில் மினசோட்டா அணியில் திரும்ப முயன்றார், ஐந்து ஆட்டங்களுக்கு மேல் கால் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மருத்துவ வசதி இருந்தவருக்கே அப்படி என்றால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பிசியோ வந்து போகிற கிளப்பில் என் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கிளப் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சின்ன வீக்கம், இரண்டு வாரத்தில் ஆடலாம்" என்றார். ஊசி போட்டுக்கொண்டு ஆடினேன். வலி இல்லாத அந்த இரண்டு மூன்று மணி நேரம் பெரிய நிம்மதியாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அணி தோற்றுக்கொண்டிருந்தது, கோச் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும் ஆடவே ஆசைப்பட்டேன். கிளப் மருத்துவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். சனிக்கிழமை ஆட்டத்துக்கு நான் தயாரா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. நாற்பது வயதில் நான் மாடிப்படி ஏறுவேனா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நீங்கள்தான் வெளியே ஒரு எலும்பு மூட்டு நிபுணரிடம் போய்க் கேட்க வேண்டும், கைக்காசு போனாலும் பரவாயில்லை. ஸ்டீராய்டு ஊசியை ஒரே மூட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு தேய்வது கூடலாம் என்பதை வெளியே பார்த்த அந்த மருத்துவர்தான் எனக்கு முதலில் சொன்னார். என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிற அன்றே கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

இங்கே இன்னொன்று. எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரண்டு பக்க அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். படங்கள் அடங்கிய கோப்பையே கேட்டு வாங்கி, உங்கள் சொந்தச் சேமிப்பில் வையுங்கள். அறிக்கை என்பது ஒருவர் பார்த்து எழுதிய கருத்து. படம் இருந்தால்தான் இன்னொரு மருத்துவர் தன் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். ஒவ்வொரு சீசனும் தொடங்கும்போது செய்கிற மருத்துவப் பரிசோதனையின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். ஏனென்றால் காயம் பட்ட பிறகு கிளப் முதலில் சொல்லக்கூடியது, "இது இங்கே வந்த காயம் இல்லை, பழைய காயம்" என்பதுதான். எனக்கும் அதையே சொன்னார்கள். சேர்ந்த வாரத்தில் அவர்களே செய்த பரிசோதனையில் முழங்கால் நன்றாக இருக்கிறது என்று எழுதி முத்திரை வைத்த ஒரு தாள் என்னிடம் இருந்தது. பின்னால் நடந்த வழக்கில் அந்த ஒற்றைத் தாள் மற்ற ஆவணங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது.

இரண்டாவது மருத்துவர், அறுவை சிகிச்சை செய்தாலும் இந்த மட்டத்தில் இனி ஆட முடியாது என்று சொன்னார். அதைக் கிளப்புக்குத் தெரிவித்த மாதத்திலிருந்து சம்பளம் மாறியது. முதலில் பாதி வந்தது. கேட்டதற்கு, ஸ்பான்சர் பணம் தாமதம், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்றார்கள். அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. மேலாளர் தோளில் தட்டி, "நீ நம்ம வீட்டுப் பிள்ளை, கவலைப்படாதே" என்றார். அந்த வார்த்தையை நான் முழுதாக நம்பினேன். ஒரு அணியில் வெற்றி தோல்வியை ஒன்றாகச் சுமந்தவர்கள் மீது நம்பிக்கை வராமல் இருக்காது. ஆனால் நம்புகிறபோதும் எழுத்தில் கேட்கலாம், அதனால் உறவு கெட்டுவிடாது. வாயால் என்ன பேசினாலும் அன்று இரவே, "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், இந்தத் தேதிக்குள் இவ்வளவு தொகை தருவதாகப் புரிந்துகொண்டேன்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதில் போடாவிட்டாலும் அது பதிவாகிவிடும். செல்பேசியில் வரும் செய்திகளையும் படம் பிடித்து வையுங்கள். பாதிச் சம்பளம் வந்தாலும், "இது இந்த மாதச் சம்பளத்தின் ஒரு பகுதி, மீதி இவ்வளவு பாக்கி" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு நீங்கள் சம்மதித்துவிட்டதாகப் பின்னால் வாதம் வரும்.

அதன் பிறகு ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் விமான டிக்கெட்டும் ஒரு தாளும் இருந்தன. தாள் எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. "வழக்கமான நடைமுறைதான், கையெழுத்துப் போட்டால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்" என்றார்கள். உடல் முழுக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஊன்றுகோலோடு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தேன். என்ன தோன்றியதோ, படம் எடுத்துக்கொள்கிறேன், மொழிபெயர்த்துப் படித்துவிட்டு நாளை போடுகிறேன் என்றேன். அறையின் முகமே மாறிவிட்டது. மொழிபெயர்த்துப் பார்த்தபோது, இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம், எனக்கு வர வேண்டிய எதுவும் பாக்கி இல்லை என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடவில்லை. டிக்கெட்டும் கிடைக்கவில்லை. சொந்தக் காசில் கடைசி நிமிட விலையில் ஒரு டிக்கெட் எடுத்தேன், அது வலித்தது. ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் பின்னால் கிடைத்த எதுவும் கிடைத்திருக்காது. கிளம்பும் நேரத்தில் நீட்டப்படுகிற எந்தத் தாளிலும், அது சாவி ஒப்படைத்ததற்கான ரசீது என்று சொன்னாலும், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. சம்பளம் வரவில்லை என்ற கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், நீங்கள்தான் ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் கிளப் சொல்லும். அதனால் முதலில், இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குள் தராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வேன் என்று எழுத்தில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் அவகாசம் என்று இருக்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். அந்த நாள் கடந்த பிறகுதான் முடித்துக்கொள்வதாக அடுத்த கடிதம். சிகிச்சைக்காகப் போகிறேன் என்றால் அதையும் எழுதி, எங்கே இருப்பேன், எப்படித் தொடர்பு கொள்ளலாம் என்று சேர்க்க வேண்டும். இன்னொரு நாட்டில் போய் ஆடுகிற நிலையில் இருப்பவர்களுக்குப் பழைய கிளப் இருக்கும் நாட்டின் கூட்டமைப்பு தருகிற விடுவிப்புக் கடிதமும் தேவைப்படும். சண்டை முற்றினால் அந்தக் கடிதத்தை இழுத்தடிப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை, என் கால் அந்தக் கேள்வியை முடித்துவைத்துவிட்டது.

இனி வழக்கு. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007-இல் ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை ஏற்படுத்தியது. 2011 முதல் அதற்குக் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் என்று பெயர், சுருக்கமாக பி.ஏ.டி. அதன் சட்டபூர்வமான இருப்பிடம் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா. ஆட்டக்காரர், கோச், ஏஜென்ட், கிளப் ஆகியோருக்கு இடையே வருகிற பணத் தகராறுகளைத் தீர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. இது இருப்பதே பல ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், உங்கள் ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் பி.ஏ.டி.யில் தீர்த்துக்கொள்வோம்' என்ற பத்தி இருந்தால்தான் அங்கே போக முடியும். இல்லாவிட்டால் அந்த நாட்டின் உள்ளூர் நீதிமன்றம்தான், அந்த மொழியில், அந்த வேகத்தில். என் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இருந்தது. நான் கேட்டு வைக்கவில்லை, அவர்கள் பயன்படுத்திய மாதிரி வடிவத்திலேயே இருந்தது. இந்த ஒரு பத்திக்காகச் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தால்கூட விட்டுக்கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறை எப்படி என்று சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலத்தில், எழுத்து மூலமாகவே நடக்கும். பெரும்பாலும் நேரில் விசாரணை கிடையாது, எங்கும் பயணம் போக வேண்டாம். ஒரே ஒரு நடுவர். எந்த நாட்டுச் சட்டம் என்று மல்லுக்கட்டாமல், இரு தரப்புக்கும் எது நியாயமோ அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நுழைவுச் செலவு இருக்கிறது. கேட்கும் தொகையின் அளவைப் பொறுத்துத் திரும்பி வராத கட்டணம் ஒன்று. அதற்கு மேல் நடுவர் செலவுக்கான முன்பணம், இதை இரு தரப்பும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். எனக்கு இடி விழுந்தது இங்கேதான். கிளப் தன் பங்கைக் கட்டவே இல்லை. கட்டாவிட்டால் வழக்கு நகராது. நகர வேண்டுமென்றால் அவர்கள் பங்கையும் நானே கட்டலாம், ஜெயித்தால் தீர்ப்பில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சம்பளமே இல்லாமல், முழங்காலுக்குச் செலவு செய்துகொண்டு, எனக்குப் பணம் தர வேண்டியவர்களின் செலவையும் நானே கட்டுவது என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அழுகைதான் வந்தது. குடும்பத்தில் கடன் வாங்கித்தான் கட்டினேன். வழக்கு என்று போகிறவர்கள் இந்த இரட்டைச் செலவை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி சின்னதாக இருந்தால் வழக்கே வேண்டாம், பேசித் தீர்ப்பது மேல் என்ற முடிவும் நியாயமானதுதான்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. நிலுவைச் சம்பளமும் வட்டியும், செலவில் ஒரு பகுதியும் தரச் சொன்னார்கள். தீர்ப்பு வந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் தீர்ப்பு வருவது வேறு, பணம் வருவது வேறு. கிளப் தராமல் இழுத்தால் ஃபீபாவுக்கு எழுத வேண்டும். அவர்கள் அபராதம் விதிக்கலாம், புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அந்தக் கிளப்புக்குத் தடை போடலாம். இந்தத் தடைதான் உண்மையான ஆயுதம். சீசன் தொடங்கும்போது புது இம்போர்ட் வேண்டும் என்கிற நெருக்கடி வந்தால்தான் பழைய இம்போர்ட்டின் பாக்கி அவர்கள் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. தவணை தவணையாகத் தந்தார்கள், கடைசிப் பகுதி இன்றுவரை வரவில்லை. 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின்படி இத்தகைய நடுவர் தீர்ப்பை அதில் சேர்ந்த நாடுகளின் நீதிமன்றங்களில் நிறைவேற்றக் கேட்கலாம். ஆனால் அதற்கு அங்கே ஒரு வழக்கறிஞர், மறுபடியும் செலவு. கிளப் திவாலாகிவிட்டால் மற்றக் கடன்காரர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஏஜென்ட் எங்கே போனார் என்று கேட்பீர்கள். சம்பளம் வந்தவரை வாரம் ஒருமுறை பேசினார். காயத்துக்குப் பிறகு, "கிளப்போடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அப்புறம் எடுக்கவில்லை. அதே கிளப்பில் அவருடைய வேறு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். எனக்காகச் சண்டை போட்டால் அந்த வியாபாரம் கெடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நல்ல ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், என் நண்பர் ஒருவருக்கு அவருடைய ஏஜென்ட்தான் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தார். ஆனால் ஃபீபா உரிமம் பெற்றவரா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அவரிடம் இருந்தபோது காயத்தால் ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் பேசுங்கள். நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர் எல்லா ஏஜென்ட்டையும் நல்லவர் என்றுதான் சொல்வார்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் போன பணம் சிறியதல்ல. வெளிநாட்டுக் கிளப்புகள் பெரும்பாலும் 'நெட்' சம்பளம் பேசுவார்கள், அதாவது வரி போக உங்கள் கைக்கு வருவது. வரியைக் கிளப் கட்டும். கட்டினார்களா என்பதற்கு ஆதாரம் எங்கே? நான் ஆடிய இடங்களில் ஒன்றில் கட்டவில்லை. ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது, கிளப் பெயருக்கு அல்ல. ஒவ்வொரு ஆண்டும் வரி கட்டிய சான்றிதழைக் கேட்டு வாங்குவது, அதைத் தராவிட்டால் கடைசி மாதச் சம்பளத்துக்கு முன்பே கேட்டு நச்சரிப்பது, இரண்டும் அவசியம். சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்று ஆடுவதற்கு, இன்னொன்று படத்தையும் பெயரையும் பயன்படுத்துவதற்கு என்று இரண்டு ஒப்பந்தம் போடும் பழக்கமும் உண்டு. பெரிய தொகை இரண்டாவதில் இருந்தால், காயம் பற்றிய பாதுகாப்பும் தீர்ப்பாயப் பத்தியும் அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியமும் அப்படித்தான். என்.பி.ஏ.வில் மூன்று ஆண்டு சேவை இருந்தால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். எங்களைப் போல நாடு மாறி நாடு ஆடியவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் துண்டு துண்டாகக் கட்டிய சமூகப் பாதுகாப்புத் தொகைதான், அதன் ரசீதைக் கிளம்பும்போதே வாங்காவிட்டால் பிறகு தேடுவது பெரும்பாடு.

பணத்தைவிட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது காலைப் பொழுது. பதினாறு வயதிலிருந்து எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எத்தனை மணிக்குப் பேருந்து என்று எல்லாவற்றையும் ஒரு அட்டவணை சொல்லிக்கொண்டிருந்தது. அது ஒரே வாரத்தில் இல்லாமல் போனது. பசி மட்டும் ஆட்டக்காரனின் பசியாகவே இருந்தது, எடை ஏறியது, எடை ஏற ஏற முழங்கால் இன்னும் வலித்தது. இரவு ஆட்டம் முடிந்து விழித்திருந்த பழக்கத்தில் தூக்கமும் வரவில்லை. பழைய அணியின் குழுச் செய்திகளில் என்னைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது. என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் தொண்டையில் நின்றது. இது மனச்சோர்வு என்று தெரியவே பல மாதங்கள் ஆயின. என்.பி.ஏ. ஆட்டக்காரர் கெவின் லவ், 2017 நவம்பரில் ஆட்டத்தின் நடுவிலேயே தனக்குப் பீதித் தாக்குதல் வந்ததைப் பற்றி 2018-இல் வெளிப்படையாக எழுதினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு இன்னொரு என்.பி.ஏ. ஆட்டக்காரரான டெமார் டிரோசன் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசியிருந்தார். அவர்கள் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள், உச்சத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் எனக்கு வருவதில் வெட்கம் இல்லை என்ற தைரியம் எனக்கு அதைப் படித்த பிறகுதான் வந்தது. மனநல ஆலோசகரிடம் போனேன், பயன் இருந்தது. உடலுக்கு நீச்சலும் சைக்கிளும் தொடங்கினேன். ஆட்டத்தை நிறுத்தியவர்கள் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தாமல், முழங்காலில் உடல் எடை விழாத பயிற்சிகளுக்கு உடனே மாறுவது நல்லது, காத்திருந்தால் தொடங்குவது இன்னும் கஷ்டம்.

சம்பாதித்ததை எப்படி வைப்பது என்பதில் நான் பெரிய ஆலோசகன் இல்லை. ஆனால் இரண்டு பேரை எப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அன்ட்வான் வாக்கர் என்.பி.ஏ.வில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர், 2010-இல் திவால் மனு கொடுத்தார். வீடுகளில் முதலீடு, நண்பர்கள், உறவினர்கள், பந்தயம் எனப் பணம் பல வழிகளில் போனதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசி, இளைய ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஜூனியர் பிரிட்ஜ்மேன் அதே என்.பி.ஏ.வில் 12 சீசன் ஆடியவர், இன்றைய கணக்கில் மிகச் சிறிய சம்பளம். ஆனால் உணவகத் தொழிலை அருகில் இருந்து கற்று, நூற்றுக்கணக்கான உணவகங்களின் உரிமையாளரானார். வித்தியாசம் தொகையில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தொழிலில் கீழிருந்து கற்றுக்கொள்ள ஒருவர் நேரம் ஒதுக்கினார். இம்போர்ட் வாழ்க்கையில் நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது. காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே தனி வீட்டில் கழிகிற அந்த மதியங்களை நானும் என் அணியினரும் வீடியோ விளையாட்டில் கழித்தோம். ஒரு சான்றிதழ்ப் படிப்பு, அந்த நாட்டு மொழி, கணக்குப் பதிவு எதுவாக இருந்தாலும் அந்த மதியங்களில் முடித்துவிடலாம். மொழி தெரிந்திருந்தால் அந்த மேசைமேல் இருந்த தாளை நான் அங்கேயே படித்திருப்பேன்.

எனக்கு அடுத்த வேலை வீடியோவிலிருந்து வந்தது. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஜெர்மனியில் ஒரு சிறிய கிளப்பில் ஆடியவர். 1995-இல் என்.பி.ஏ.வின் மயாமி அணியில் வீடியோ அறையில் சேர்ந்தார், 2008-இல் தலைமைக் கோச் ஆனார், 2012-லும் 2013-லும் கோப்பை வென்றார். அந்த உயரம் நமக்கு வருமா என்பது வேறு விஷயம், வழி மட்டும் உண்மை. பாயின்ட் கார்டாக இருந்தவனுக்கு எதிரணி எந்தப் பக்கம் திரை போடுகிறது (தடுப்பவரின் வழியை மறித்து நிற்கிறது), எந்த ஆட்டக்காரர் இடது கையில் முடிக்க மாட்டார் என்பதெல்லாம் கண்ணில் தானாகப் படும். அதைக் காட்சித் துண்டுகளாக வெட்டி, கோச்சுக்குப் புரிகிற மாதிரி வரிசைப்படுத்தும் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். தொடக்கத்தில் சம்பளம் இல்லாமல் ஒரு இளையோர் அணிக்குச் செய்தேன். பிறகு பகுதி நேர ஊதியம், இப்போது முழு நேரம். ஆடிய காலத்துச் சம்பளத்தில் பாதிகூட இல்லை, ஆனால் மாதாமாதம் வருகிறது. பயிற்சியாளர் உரிமம் வாங்க நினைப்பவர்கள் ஆடும்போதே முதல் நிலையை முடித்துவிடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினால் அந்தப் படிப்புக் காலம் முழுவதும் வருமானமில்லாத காலம்.

என் முழங்காலைப் பற்றியும் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். மாடிப்படி இறங்கும்போது வலிக்கும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு வீங்கும். பிள்ளைகளோடு நின்ற இடத்திலிருந்து பந்து போடுகிறேன், குதிப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அணிக்கு மூன்று பேர் ஆடும் 3x3 கூடைப்பந்து வந்த பிறகு, "பத்து நிமிஷ ஆட்டம்தானே, வா" என்று பழைய நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். மனம் போகச் சொல்கிறது. ஆனால் பாதி ஆடுகளத்தில் நிற்காமல் நடக்கும் ஆட்டம் அது, முழங்காலுக்கு ஓய்வே இல்லை. மருத்துவர் வேண்டாம் என்றார், போகவில்லை.

இப்போது இளையவர்கள் சிலர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புகிறார்கள். சம்பளத் தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் காயம் பற்றிய பத்தி: காயம் பட்டாலும் சீசன் முடியும்வரை முழுச் சம்பளம் என்று தெளிவாக இருக்கிறதா, சிகிச்சைச் செலவு யாருடையது, எந்த மருத்துவரிடம் போவது என்று தேர்வு செய்யும் உரிமை யாருக்கு. அடுத்து, மருத்துவப் பரிசோதனையில் தேறியவுடன் ஒப்பந்தம் உறுதியாகிறதா, இல்லை பாதியில் கழற்றிவிட இடம் வைத்திருக்கிறார்களா. அதன் பிறகு தாமதத்துக்கு அபராதம், பி.ஏ.டி. பத்தி, வரிச் சான்றிதழ், திரும்பும் டிக்கெட். பாதிப் பேரின் ஒப்பந்தத்தில் காயம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. சேர்க்கச் சொல்லிக் கேட்டால் கிளப் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுமே என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். கேட்டவர்களில் சிலருக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவருக்கு மறுத்துவிட்டார்கள், அவர் வேறு கிளப்புக்குப் போனார். நான் வழக்கறிஞர் இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன் விளையாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டச் சொல்லியே அனுப்புகிறேன்.